வடசென்னையில் வீட்டு நெட்: சுத்துகிற லைன், ஏறுகிற பில், தீருகிற லிமிட் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்தில் இருப்பவர்கள் வீட்டு நெட் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் யார் வீட்டில் நெட் படுத்தாலும் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அப்படிப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் இதில் பாதி. மீதி, விதிகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. எந்த நிறுவனத்தின் லைனையும் வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை. நம் பக்கத்து ஜனங்கள் மாதாமாதம் தவறாமல் காசு கட்டுகிறார்கள், ஆனால் கையில் பில் இருப்பதில்லை, பிளான் பெயர் தெரிவதில்லை, புகார் கொடுத்ததற்கு நம்பர் இருப்பதில்லை. அதனால்தான் குறையைச் சொல்லும்போது எடுபடாமல் போகிறது. இந்த நிலை மாற வேண்டும் என்பதற்காகத்தான் உட்கார்ந்து எழுதினேன்.

100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன். படம் டவுன்லோடு போட்டால் 11, 12க்கு மேல் காட்டவில்லை. ஏமாற்றுகிறார்களா?

இதில் ஏமாற்று இல்லை. பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோடு பெட்டியில் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. ஆக 11, 12 வருகிறது என்றால் உங்கள் லைன் நன்றாகவே ஓடுகிறது. 3, 4 மட்டும் வந்தால் தொடர்ந்து படியுங்கள்.

ஸ்பீடு டெஸ்ட் எப்படிப் போட்டால் அவர்கள் மறுக்க முடியாது?

போனை வைத்துக்கொண்டு படுக்கையறையில் இருந்து போட்ட டெஸ்டைக் காட்டினால், "அது வைஃபை பிரச்சினை சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. லேப்டாப் இருந்தால், மோடத்தில் இருந்து நேராக லேன் ஒயர் செருகி, வீட்டில் மற்ற எல்லாவற்றின் வைஃபையையும் அணைத்துவிட்டு டெஸ்ட் போடுங்கள். காலையில் ஒன்று, ராத்திரி 9 மணிக்கு ஒன்று. தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீட் ஆப் இருக்கிறது, அதிலும் போடலாம்.

காலையில் 95, ராத்திரியில் 12 என்றால் தெருவில் நெரிசல். எந்நேரமும் 12 என்றால் ஒயரிலோ மோடத்திலோ கோளாறு, இல்லாவிட்டால் லிமிட் தீர்ந்திருக்கிறது. லேனில் 95, வைஃபையில் 12 என்றால் கோளாறு வீட்டுக்குள். இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொண்டு பேசினால் கஸ்டமர் கேரில் இருப்பவர் உங்களைச் சுற்றலில் விட முடியாது.

மோடம் பக்கத்தில் நன்றாக வருகிறது, உள் ரூமில் வரவே இல்லை. பெரிய பிளான் போடலாமா?

வேண்டாம், காசு வீண். நம் பக்கத்து வீடுகள் நீளவாக்கில் உள்ளே போகும். லைன்மேன் வாசல் கதவுக்கு மேலே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மோடத்தை ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து சமையலறையைத் தாண்டிப் பின் ரூமுக்குப் போக இரண்டு மூன்று செங்கல் சுவரும் ஒரு பீரோவும் குறுக்கே நிற்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். 2.4 தாண்டும், ஆனால் பக்கத்துப் பத்து வீட்டு வைஃபையும் அதிலேயே இருக்கும். ஒட்டி ஒட்டி வீடு கட்டியிருக்கும் இடத்தில் இந்த இரைச்சல் ரொம்ப அதிகம்.

லைன் போட வரும்போதே "ஒயரை நடு ரூம் வரைக்கும் இழுத்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். கூடுதல் ஒயருக்குக் காசு கேட்டால் ஒரு தடவை கொடுப்பது பரவாயில்லை. மாதாமாதம் பெரிய பிளானுக்குக் கொடுப்பதைவிட அது மலிவு.

100ல் இருந்து 300 பிளானுக்கு மாறினேன். டெஸ்டில் 94ஐத் தாண்டவே இல்லை. ஏன்?

94, 95லேயே நிற்கிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது ஒயரின் முனையைத்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மூன்று மாடிக் கட்டிடம். மாடிப்படி திருப்பத்தில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு சின்ன சுவிட்ச் (ஒரு நெட் லைனைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவி), அதில் இருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் சாம்பல் நிற லேன் ஒயர். ஃபைபர் அந்தப் பெட்டி வரைக்கும்தான் வருகிறது. வீட்டுக்குள் வருவது செம்பு ஒயர். அந்த ஒயருக்குள் எட்டுக் கம்பி இருக்க வேண்டும். முனையில் இருக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நிறம் நிறமாகக் கம்பிகளை எண்ணலாம். இங்கே நான்குதான் இருந்தன. மீதி நான்கை வெட்டி விட்டிருந்தார்கள், ஒரே ஒயரில் இரண்டு வீட்டுக்கு லைன் கொடுப்பதற்காக.

நான்கு கம்பியில் 100 எம்பிபிஎஸ்க்கு மேல் போகாது. கழிவெல்லாம் போக 94, 95 கையில் வரும். எட்டும் இணைந்திருந்து, சுவிட்சும் மோடமும் கிகாபிட் வகையாக இருந்தால்தான் 300 வரும். அந்த வீட்டில் 300க்குக் காசு வாங்கிக்கொண்டு, 300 வரவே முடியாத ஒயரை மாட்டியிருந்தார்கள். பெரிய பிளானுக்கு மாறும் முன் "வீட்டுக்குள் ஃபைபரே வருமா, லேன் ஒயரா?" என்று கேளுங்கள். லேன் ஒயர் என்று பதில் வந்தால் "எட்டுக் கம்பியும் அடித்துக் கொடுங்கள், டெஸ்ட் போட்டுக் காட்டிவிட்டுப் பணம் வாங்குங்கள்" என்று சொல்லுங்கள்.

ராத்திரி 8 மணி ஆனால் சுத்த ஆரம்பித்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம். என்ன காரணம்?

ஃபைபர் லைனில் ஒரு இழை உங்களுக்கு மட்டும் வருவதில்லை. ஆபரேட்டர் அலுவலகத்தில் இருந்து வரும் ஓர் இழையைத் தெருமுனையில் பிரித்து 32 வீடு, 64 வீடு என்று கொடுப்பார்கள். ஜிபான் என்கிற முறையில் அந்த ஓர் இழையின் கொள்ளளவு ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸ். 32 வீட்டுக்கு அது தாராளம். ஆளுக்கு 100 பிளான் என்றாலும் எல்லாரும் ஒரே நொடியில் முழுதாக இழுப்பதில்லை. ஆகவே அடைப்பு பெரும்பாலும் அதற்கும் மேலே இருக்கிறது: லோக்கல் ஆபரேட்டர் மேல் நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கும் அலைவரிசையில். அவர் சந்தாதாரர்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார், மேலே வாங்குவதைக் கூட்டுவதில்லை. தெருக்குழாயில் வரும் தண்ணீர் அதேதான், வரிசையில் குடங்கள் மட்டும் கூடிக்கொண்டே போகின்றன.

இதை நீங்கள் ஒருவராகச் சொன்னால் "உங்கள் மோடத்தை ரீஸ்டார்ட் பண்ணுங்கள்" என்பார்கள். ஒரே லைனில் இருக்கும் நான்கைந்து வீட்டுக்காரர்கள் ஒரே ராத்திரியில் டெஸ்ட் போட்டு, ஒரே நாளில் புகார் பதிந்தால் அந்தப் பதில் செல்லாது. ரீஸ்டார்ட் செய்து தீரும் பிரச்சினை ஐந்து வீட்டில் ஒரே நேரத்தில் வராது.

கடலுக்கு அடியில் வரும் கேபிள் சென்னையில்தானே கரையேறுகிறது? நமக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

நியாயமான ஆதங்கம். 2002ல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ கேபிள், அப்புறம் டாடா இண்டிகாம் கேபிள், சீ-மீ-வி 4 என்று பல கடலடிக் கேபிள்கள் சென்னையில் கரையேறுகின்றன. 2020ல் அந்தமானுக்கு நெட் கொடுத்த கேபிளும் இங்கிருந்துதான் போகிறது, கிட்டத்தட்ட 2,300 கிலோமீட்டர். நாட்டிலேயே மும்பைக்கு அடுத்த பெரிய வாசல் நம் ஊர்.

ஆனால் அந்த வாசலில் இருந்து உங்கள் வீட்டுக்கு வரும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. அந்த தூரத்தை யார் இழுத்தார், எந்தக் கம்பத்தில் கட்டினார், எத்தனை வீட்டுக்குப் பிரித்தார் என்பதில்தான் அண்ணா நகருக்கும் எண்ணூருக்கும் வித்தியாசம் வருகிறது. ஒரு தெருவில் நான்கு நிறுவனங்கள் போட்டி போட்டால் ஒருவராவது ஒழுங்காகச் செய்வார். நம் பக்கத்துப் பல சந்துகளில் ஒருவர்தான் இருக்கிறார்.

மோடத்தில் சிவப்பு லைட் எரிகிறது. வாரத்துக்கு ஒருமுறை இப்படி ஆகிறது.

எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் அந்தச் சிவப்பு லைட் எரிந்தால் ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். மோடத்தை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் சரியாகாது. முதலில் வீட்டுக்குள் மஞ்சள் அல்லது கறுப்பு ஃபைபர் ஒயர் ஜன்னல் கம்பியில் மடிந்திருக்கிறதா, கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் கண்ணாடி இழை. செம்பு ஒயரை மடிப்பது போல மடித்தால் உள்ளே வெளிச்சம் கசிந்துவிடும், இல்லாவிட்டால் முறிந்துவிடும். துணி காயப்போடும் கொடியாக அதைப் பயன்படுத்தும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

வீட்டுக்குள் சரியாக இருந்தால் வெளியே கட். நம் பக்கத்தில் அதற்குக் காரணம் எக்கச்சக்கம். ரோட்டுக்குக் குறுக்கே தொய்வாகக் கட்டிய கேபிளைக் கன்டெய்னர் லாரி இழுத்துக்கொண்டு போய்விடும். மழைநீர் வடிகால், மெட்ரோ வாட்டர், மெட்ரோ ரயில் என்று எதற்காவது பள்ளம் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். காசிமேடு, எண்ணூர் போன்ற கடலோரத் தெருக்களில் கம்பத்துப் பெட்டிகளை உப்புக்காற்று அரித்துவிடுகிறது. மூடி துருப்பிடித்து விழுந்த பெட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, இணைப்பு கெட்டுப்போகும்.

ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அறுந்தால் "ஒட்டுப் போடாதீர்கள், அந்த இடத்துக் கேபிளை உயர்த்திக் கட்டுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு ஒட்டும் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும். லைன்மேன் கையில் பவர் மீட்டர் வைத்திருப்பார். அவர் வரும்போது மோடத்துக்கு வரும் அளவு எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27, 28க்குப் போய்விட்டால் லைன் விட்டு விட்டு வரும். நீங்கள் அந்த எண்ணைக் கேட்கிறீர்கள் என்றாலே வேலை கொஞ்சம் கவனமாக நடக்கும்.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனாலும் கரண்ட் போனால் நெட்டும் போகிறது.

மேலே சொன்ன மாடிப்படி சுவிட்ச் மாதிரி லைனாக இருந்தால், வழியில் இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டு மோடம் எரிந்தாலும் தெருமுனைப் பெட்டி அணைந்திருக்கும். வீடு வரைக்கும் ஃபைபராக வந்தால் நடுவில் பிரிக்கும் பெட்டிக்குக் கரண்ட் தேவையே இல்லை. ஆபரேட்டர் அலுவலகத்தில் பேட்டரியும், உங்கள் வீட்டில் மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் இருந்தால் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பக்கத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த அளவுக்குப் போனால் எந்த லைனும் தாங்காது, செல்போன் டவரே படுத்துவிடும். தினசரி அரைமணி நேரக் கட்டுக்குத்தான் இந்த ஏற்பாடு.

அன்லிமிடெட் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் வாட்ஸ்அப் போட்டோகூட இறங்கவில்லை.

உங்கள் பிளானில் லிமிட் இருக்கிறது. அதைத் தாண்டியதும் நெட்டை நிறுத்தமாட்டார்கள், வேகத்தை மட்டும் இறக்கிவிடுவார்கள். எஃப்யூபி என்று பிளான் விவரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். பெரிய நிறுவனங்களின் பல பிளான்களில் இது மாதம் 3300 ஜிபி அளவில் இருக்கிறது, சாதாரணக் குடும்பம் அதைத் தொடுவது கஷ்டம். சிறிய ஆபரேட்டர்களின் மலிவுப் பிளான்களில் 100, 200 ஜிபிதான். அங்கேதான் அடி விழுகிறது.

2016ல் டிராய் ஓர் உத்தரவு போட்டது. லிமிட் எவ்வளவு, அதுவரை என்ன வேகம், அதற்கு மேல் என்ன வேகம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பாதி தீர்ந்தபோதும் 90 சதவீதம் தீர்ந்தபோதும் முழுதாகத் தீர்ந்தபோதும் தகவல் அனுப்ப வேண்டும். லிமிட்டுக்குப் பிறகும் வேகம் 512 கேபிபிஎஸ்க்குக் கீழே போகக் கூடாது.

512ல் 1 ஜிபி இறங்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு என்றால் அது நெட்டே இல்லாததற்குச் சமம். 2023 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை, பிராட்பேண்ட் என்றாலே குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருக்க வேண்டும் என்று அறிவித்தது. லிமிட் தீர்ந்த பிறகும் அந்த 2 கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. முழு மாதத்துக்கும் காசு வாங்கியவர், மாதக் கடைசியில் பிராட்பேண்ட் என்ற பெயருக்கே பொருந்தாத ஒன்றைக் கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேகம், எவ்வளவு ஜிபி போதும்?

நெட்ஃப்ளிக்ஸ் கணக்குப்படி எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே படம் 7 ஜிபி வரை எடுக்கும். தினமும் மூன்று மணி நேரம் டிவியில் எச்டி ஓடினால் மாதம் 270 ஜிபி. அதற்கு மேல் போன்கள். டிவி ஓடும் வீட்டுக்கு 200 ஜிபி பிளான் போதாது என்பது இதிலேயே தெரியும். டிவி இல்லாமல் படிப்பு, வாட்ஸ்அப், கொஞ்சம் யூடியூப் என்றால் 200 தாராளம்.

வேகத்தில் அவ்வளவு தேவையில்லை. எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15, வீடியோ காலுக்கு 3, 4 போதும். நான்கு பேர் வீட்டுக்கு 40, 50 ஒழுங்காக வந்தால் நிம்மதியாக ஓடும். ஒழுங்காக வராத 200ஐவிட அது மேல்.

நாங்கள் அவ்வளவு பார்ப்பதே இல்லை. லிமிட் எப்படித் தீர்கிறது?

வாசலில் மாட்டியிருக்கும் கேமராவைப் பாருங்கள். கிளவுடுக்கு ராப்பகலாக வீடியோ அனுப்பும் கேமரா 2 எம்பிபிஎஸ் எடுத்தால் நாளைக்கு 21 ஜிபிக்கு மேல், மாதம் 650 ஜிபிக்குப் பக்கம். லிமிட்டில் சேருவது நீங்கள் இறக்குவது மட்டும் இல்லை, ஏற்றுவதும் பல பிளான்களில் சேரும். மெமரி கார்டில் பதியும்படி மாற்றினால் இது நின்றுவிடும். அடுத்து, போன் போட்டோ பேக்கப், லேப்டாப் அப்டேட். அதற்கும் அடுத்து, எப்போதோ யாருக்கோ கொடுத்த வைஃபை பாஸ்வேர்டு. அதை மாற்றிவிட்டு ஒரு வாரம் கவனியுங்கள்.

499 என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். பில் 589 வருகிறது. எது சரி?

499க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 588 ரூபாய் 82 பைசா. அதனால் 589 சரி. வரி சேர்க்காத விலையைப் பெரிய எழுத்தில் அடிப்பதுதான் தப்பு. அதற்கு மேல் லைன் போட ஒரு தொகை, மோடத்துக்கு டெபாசிட், ஆறு மாதம் முன்பணம் என்று வரும். ஒரு வருடம் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்பார்கள். புது லைனில் அதைச் செய்யாதீர்கள். முதல் இரண்டு மூன்று மாதம் மாதாமாதம் கட்டிப் பாருங்கள். மழைக்காலத்தை லைன் தாண்டட்டும். முன்பணத்தை வாங்கிய பிறகு போனை எடுக்காத ஆள்களைப் பற்றி இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஓடிடி சேர்த்துத் தரும் பிளானில், அந்த ஓடிடியை உண்மையாகவே பார்ப்பீர்களா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

கேபிள் அண்ணன் மாசம் வந்து காசு வாங்கிக்கொள்கிறார். பில் கேட்டால் "நான் இருக்கேன், என்ன பயம்?" என்கிறார்.

அவரோடு சண்டை வேண்டாம். பல வருஷப் பழக்கம், ராத்திரி பத்து மணிக்கு ஏணியோடு வருவதும் அவர்தான். ஆனால் அவர் ஏஜென்ட்தான். லைசென்ஸ் வைத்திருக்கும் நிறுவனம் மேலே ஒன்று இருக்கிறது. அதன் பெயர், உங்கள் கஸ்டமர் ஐடி, பாஸ்வேர்டு, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் தளத்திலோ ஆப்பிலோ நுழைந்து பார்த்தால் உங்கள் பெயரில் எந்த பிளான் போட்டிருக்கிறது, எவ்வளவு தீர்ந்திருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும்.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்படித் திறந்து பார்த்தபோது, 100 பிளானுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்த அக்கா பெயரில் 50 பிளான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சத்தம் போடவில்லை, அந்த ஸ்கிரீனை மட்டும் காட்டினார். அன்றைக்கே மாறியது. பணத்தை யுபிஐயில் அனுப்பினால் அதுவே ஒரு ஆதாரம். ரொக்கமாகக் கொடுத்தால், "இந்த மாத நெட் காசு இவ்வளவு கொடுத்தாச்சு அண்ணே" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, அவர் சரி என்று பதில் போடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடியிருப்பில் ஒரே ஒரு லைன்தான். வேறு யாரும் வரமாட்டேன் என்கிறார்கள்.

இதுதான் நம் பக்கத்தின் பெரிய நோய். வாரியக் குடியிருப்புகளிலும் பழைய ஸ்டோர் வீடுகளிலும் ஒருவர் மட்டும் கேபிள் இழுத்து வைத்திருப்பார், புதிதாக வருபவருக்குக் கம்பமும் கிடைக்காது, வழியும் கிடைக்காது. தனி ஒருவர் கேட்டால் நிறுவனங்கள் "உங்கள் பகுதியில் சேவை இல்லை" என்று வைத்துவிடும். ஒரே பிளாக்கில் பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து, பெயர், கதவு எண், போன் நம்பர் எழுதிக் கொடுத்தால் விற்பனை ஆள் நேரில் வருவார். அவர்களுக்குக் கேபிள் இழுக்கும் செலவு தேறுமா என்பதுதான் கணக்கு. பிஎஸ்என்எல் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் இருக்கும் தெருக்காரர்கள் அங்கேயும் நேரில் போய்க் கேளுங்கள். சங்கம் இருந்தால் லெட்டர்பேடில் கொடுங்கள், மதிப்பு கூடும்.

அதுவரைக்கும் படிப்பு, வேலைக்கு மட்டும் நெட் தேவைப்படுபவர்கள் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தை (உட்கார்ந்து படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் தரும் மையம்) போய்ப் பார்க்கலாம்.

ஏர்ஃபைபர் போடலாமா?

கேபிளே வராத சந்தில் அது வரம். 5ஜி டவரில் இருந்து மொட்டைமாடிப் பெட்டிக்குக் காற்றில் வருகிறது. ஒயர் அறுகிற தொல்லை இல்லை. ஆனால் லிமிட் பெரும்பாலும் மாதம் 1000 ஜிபி, ஃபைபரில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. டவரைத் தெருவே பங்கிடுவதால் ராத்திரி நெரிசல் இதிலும் உண்டு. ஃபைபர் ஒழுங்காக வரும் இடத்தில் ஃபைபரே நல்லது. மாடி வீட்டுக்காரர் அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள், வாடகை வீட்டில் இதில்தான் தகராறு வருகிறது.

புகார் கொடுத்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. எங்கே போவது?

வரிசையாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் மேலே இருப்பவர் "கீழே கொடுத்தீர்களா?" என்று திருப்பி அனுப்புவார்.

லைன்மேனுக்குப் போன் அடிப்பது புகார் ஆகாது. நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் அல்லது ஆப்பில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். அந்த எண் எஸ்எம்எஸ்ஸில் வரும், அழிக்காதீர்கள். குறித்த நாளுக்குள் சரியாகவில்லை, அல்லது சரி செய்யாமலேயே முடித்துவிட்டதாக மெசேஜ் வந்தது என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். 2012ல் டிராய் கொண்டுவந்த விதி இது. கெடு முடிந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், கட்டணம் கிடையாது. ரொம்பச் சின்ன நிறுவனம் என்றால் இந்த ஏற்பாடு இருக்காது. அப்போது நேராக 1915க்கு அடியுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

டிராய்க்கே எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். டிராய் விதி போடும் இடம், தனிநபர் புகாரை அது எடுத்து விசாரிப்பதில்லை.

ஒரு வாரம் நெட் இல்லை. அந்த நாளுக்குக் காசைக் கழிப்பார்களா?

கேட்டால் கழிக்க வேண்டும். பழுது 3 நாளைத் தாண்டினால் 7 நாள் வாடகையும், 7 நாளைத் தாண்டினால் 15 நாள் வாடகையும், 15 நாளைத் தாண்டினால் ஒரு மாத வாடகையும் தள்ளுபடி என்பது டிராயின் சேவைத்தர விதி. அல்லது அதற்கு ஈடாக நாளை நீட்டித்துத் தர வேண்டும். நாள் எண்ணுவது நீங்கள் புகார் பதிந்த நேரத்தில் இருந்துதான். வாயால் சொல்லிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தவருக்கு எண்ணத் தொடங்க ஒரு தேதியே இருக்காது. நெட் போன முதல் மணி நேரத்திலேயே பதிந்துவிடுங்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகும் அளவுக்கு இது பெரிய விஷயமா? வக்கீல் வைக்க வேண்டுமா?

முன்பணம் வாங்கிவிட்டு லைன் தராதது, டெபாசிட் திருப்பித் தராதது, மாதக்கணக்கில் வேகம் இல்லாதது, இதற்கெல்லாம் தாராளமாகப் போகலாம். 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தொலைத்தொடர்பு சேவை என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். செல்போன் நிறுவனங்கள் மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்காது என்று முன்பு வாதம் இருந்தது. 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் நடக்கும் என்று தீர்த்துவிட்டது.

நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். நமக்கு சென்னை வடக்கு மாவட்ட ஆணையம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். பில், யுபிஐ ரசீது, புகார் எண்கள், ஸ்பீடு டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட், இவைதான் அங்கே பேசும். வழக்குக்கு முன்னால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிப் பாருங்கள். நிறைய பேருக்கு அதிலேயே பணம் திரும்பி வந்திருக்கிறது.

பக்கத்து வீட்டோடு ஒரே லைனைப் பங்கிட்டுக் காசையும் பாதியாக்கலாமா?

பல வீடுகளில் நடக்கிறது, ஏன் என்றும் புரிகிறது. மாதம் 600 ரூபாய் என்பது கூலி வேலைக்குப் போகும் வீட்டில் சின்னத் தொகை இல்லை. ஆனால் உங்கள் லைனில் யார் என்ன செய்தாலும் போலீஸ் விசாரணை வருவது உங்கள் பெயருக்கு. நிறுவனங்களின் நிபந்தனையிலும் வீட்டுக்கு வெளியே பங்கிட அனுமதி இருக்காது. அக்கா, தங்கச்சி குடும்பம் மேல்மாடியில் இருக்கிறது என்பது போன்ற இடத்தைத் தவிர வேறு யாருக்கும் வேண்டாம்.

லைனை நிறுத்தினால் டெபாசிட் வாங்குவது எப்படி?

நிறுத்தப்போகிறேன் என்று ஆப்பிலோ மெயிலிலோ எழுதிக் கேட்டு, அதற்கும் எண் வாங்குங்கள். சும்மா ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில போஸ்ட்பெய்டு பிளான்களில் பில் ஏறிக்கொண்டே போகும், ஆறு மாதம் கழித்து வசூல் ஏஜென்ட் போன் அடிப்பார். மோடத்தை எடுக்க ஆள் வரும்போது அடாப்டரோடு சேர்த்துக் கொடுத்து, மோடத்தின் பின்பக்க சீரியல் நம்பரை அவர் வாங்கிக்கொண்ட தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவரிடம் தாள் இல்லை என்றால் நீங்களே ஒரு தாள் கொடுங்கள். கையெழுத்துப் போட்ட தாளையும் மோடத்தையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்த பிறகு கொடுத்து அனுப்புங்கள். டெபாசிட் வராமல் நின்றுபோன பல வீடுகளில் "மோடம் எங்களுக்கு வந்து சேரவில்லை" என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.